செத்த குதிரையைத் தூக்கியவர்களுக்கு நீ பேசியது

டேய்,

இன்று குடோனைத் திறந்ததும் முந்திரிச் சாக்கு வாசனை முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்தப் போன கையை இறக்கிவிட்டேன். நம் ஸ்டுடியோ வாசனை அல்லவா.

மூட்டைகளை எங்கள் வீட்டுக்காக அடுக்கியவர் உன் அப்பா. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் நீ. அந்த ஜப்பான் சரித்திரப் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு, போனில் நம் ஊர்ப் பேச்சை ஏற்றினோம். படத்தில் வரும் நிலப்பிரபுவுக்கு 'ஜப்பான் மிராசு' என்று பெயர் வைத்தேன். வாளை உருவும்போதெல்லாம் ஜெயங்கொண்டம் பஸ் எப்போது என்று கேட்பார். பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்தது.

யாருக்கு யார் குரல் என்று நாம் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. குடுமி வைத்தவர்களெல்லாம் நான், குனிந்து நின்றவர்களெல்லாம் நீ. அது பாட்டுக்கு அமைந்தது. இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொல் என்று நான் டைரக்‌ஷன் வேறு செய்தேன். நீ "சரிங்க ஐயா" என்று இழுப்பாய். நான் மூட்டைமேல் விழுந்து சிரிப்பேன்.

ஒரு காட்சியில்தான் முரண்டு பிடித்தாய். போர் முடிந்து மழை பெய்யும். ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள் நால்வர் வந்து செத்த குதிரையைத் தூக்கிப் போவார்கள். படம் முழுக்க அவர்களுக்கு அவ்வளவுதான், வசனம் கிடையாது. "ஜப்பான்லயும் காலனி இருக்குதுடா" என்றாய். பிறகு போனை வாங்கி, அவர்களுக்காகப் பேசினாய்:

"குதிர செத்தா மட்டும் ஆள் அனுப்புறீங்களே ஐயா, ஒருநாளு அதும்மேல ஏறிப் பாக்கக் கூப்புட்டிருக்கீங்களா?"

வாய் அசைந்தால்தான் குரல், இவர்கள் வாயே அசையவில்லை என்று நான் டப்பிங் சட்டம் பேசினேன்.

"கேமரா திரும்புனப்பறம் பேசியிருப்பாங்கல்ல" என்றாய்.

சிரித்துக்கொண்டே அந்தப் பதிவை அழித்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். மறுநாள் வழக்கம்போல வந்தாய், அதனால் மறந்துபோனேன்.

அப்புறம் காய்ச்சல் என்று உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு கொண்டுவரவில்லை.

போன வாரம் உன் அம்மா குடோன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. "அவன் கொரலு ஒங்க போன்ல இருக்குதாமே தம்பி. ஒருக்கா போடுங்க" என்றார்.

போட்டேன். "சரிங்க ஐயா." "உத்தரவுங்க ஐயா." "இதோ வந்துட்டேங்க ஐயா." அவசர அவசரமாகத் தள்ளித் தள்ளித் தேடினேன். நீ என்னைத் திட்டியதாவது இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்கப்பா ஒங்கப்பாகிட்ட பேசுறாப்லயே இருக்குது" என்றார். குத்திக்காட்டவில்லை. மகன் குரலில் புருஷன் சாயல் தெரிந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். தலை நிமிரவில்லை எனக்கு.

இன்று அந்த மழைக் காட்சியை எடுத்து, உன் வசனத்தை நானே பேசிப் பார்த்தேன். குனிந்து பேசினேன், இழுத்துப் பேசினேன். எப்படிப் பேசினாலும் மிராசுதான் பேசுகிறார். அழித்துவிட்டேன்.

உன் வசனம் எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம். அதைச் சொல்ல என்னிடம் குரல்தான் இல்லை.