நம் மகளை நீ படகில் ஏற்றிய நாள்

இன்று காலை படகுக்கு மீன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அல்லவா, வெயில் ஏறுவதற்குள் தையலெல்லாம் எண்ணெய் குடித்துவிட வேண்டும். முழங்கை வரை அந்த நாற்றம். அப்போது முன்பின் தெரியாத ஒருவன் பெட்டியும் மூட்டையுமாக வந்து நின்று, "குழந்தைப் படகு எதுங்க?" என்று கேட்டான். காஞ்சிப் பக்கத்து ஆளாம். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கப்பலுக்குப் போக வேண்டுமாம். பழவேற்காட்டில் வேறெந்தப் படகிலும் ஏறாதே என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. உன்னால் வந்த பேர் காஞ்சி வரைக்கும் போயிருக்கிறதே, அடியே!

இந்த நாற்றத்தைச் சொல்லித்தானே என்னை அன்றைக்கு மடக்கினாய். நம் மகள் பிறந்த அந்த வருஷம் முகத்துவாரத்துக்கு வெளியே யாருடைய படகோ கவிழ்ந்து, துணி மூட்டைகளோடு ஆட்களும் போனார்கள். அதன்பின் கப்பலுக்குப் போகிறவர்கள் கோட்டையில் இருக்கும் வெள்ளைக்காரர்களின் படகைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூலியைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் யாரும் வரவில்லை. நம் படகு மணலில் காய்ந்தது. இப்படியே போனால் அதை விற்றுவிட்டு அடுத்தவன் வலையை இழுக்கப் போக வேண்டியதுதான். ஆனாலும் எனக்கு வீம்பு குறையவில்லை.

"அலையைத் தாண்டுறதுல என்னை மிஞ்ச ஆளில்ல. பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?" என்றேன்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாய். "பூவுக்கு வாசனை கீது. உன் படகுல மீன் எண்ணெய் நாத்தந்தான் கீது. அதை மோந்து பாத்துட்டா ஏறுவாங்க? நான் விக்கிற மீனுக்குச் செவுளைத் தூக்கிக் காட்டுறேன். நீ இன்னாத்தைய்யா தூக்கிக் காட்டுவே? கரை சேந்தப்புறந்தானே உன் வேலை தெரியும்!"



நீ மரைக்காயர் தெருவில் வீடு வீடாக மீன் விற்றவள். மீனைக் கொடுத்துவிட்டு ஊர்ப் பேச்சை வாங்கி வருவாய். "கப்பலுக்குப் போறவன் கூலி இன்னான்னு கேக்குறான். அவனை அனுப்புறவ, திரும்பி வருவானான்னு கேக்குறா. எந்தப் படகுன்னு முடிவு பண்றது அவதான்யா" என்றாய். நான் இத்தனை நாளும் தப்பான ஆளிடம் கூவிக்கொண்டிருந்தேனாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. துணி வியாபாரி மரைக்காயர் ஒருவர் கப்பலேறக் கரைக்கு வந்தார். கோட்டைப் படகு போய்விட்டிருந்தது. அவர் மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் படகு வேண்டாம் என்று அழுதார். நீ விறுவிறுவென்று இறங்கி வந்தாய். இடுப்பில் நம் மகள், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தவள். அவளைத் தூக்கி அந்த மரைக்காயர் கையில் கொடுத்தாய்.

"இவளையும் கப்பல் வரைக்கும் கூட்டிக்கினு போங்க. எங்க வூட்டுக்காரர் திரும்பக் கொண்டாந்துடுவார்" என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாய்.

கரையே பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், என் வேலையை நானே நம்பவில்லை என்றாகிவிடும். அந்த அம்மா உன்னையே பார்த்தார். பிறகு கணவரின் கையை விட்டார்.

அலை முறியும் இடத்தில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எத்தனையோ ஆண்டுகளாகத் தாண்டிய அலைதான், அன்றைக்கு எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நம் மகளோ மரைக்காயரின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்! கப்பலில் அவரை ஏற்றிவிட்டு, அவளை என் தலைப்பாகையால் மார்போடு கட்டிக்கொண்டு திரும்பினேன். நீ நின்ற இடத்திலேயே சிரித்தபடி நின்றாய்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "நீயெல்லாம் ஒரு தாயா? உனக்குப் பயமே இல்லையா?"

"இன்னா கேள்வி கேக்குறே? முந்தானைக்குள்ள கை நடுங்கிக்கினே இருந்துச்சு. நானே அழுதா அந்தம்மா எப்டி அவரை அனுப்பும்?"

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாய். உனக்குப் பயம் கிடையாது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

பிறகு மூட்டை வந்தது, ஆள் வந்தது, குழந்தைப் படகு என்ற பேரும் தானாக வந்தது. பேர் வந்ததும் நீ இன்னும் கெடுபிடி காட்டினாய். வாடைக் காற்று ஏறிய ஒரு நாள், இரட்டைக் கூலி தருகிறேன் என்றவனை, "எங்க பொண்ணை ஏத்தாத அலையில உங்களையும் ஏத்த மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினாய். வலிய வந்த கூலியைத் துரத்துகிறாளே என்று நான் திகைத்து நின்றேன். மறுநாள் அவனே திரும்பி வந்தான்.

சந்தையில் கேட்டால் இந்தப் பேருக்குக் காரணம் என் கைத்திறன் என்பார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது கரையில் நீ நின்ற நிலைதான். உன் காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை படகைத் தள்ளிய அன்று, மகனைக் கப்பலேற்ற வந்த ஒரு தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ முந்தானைக்குள் மறைத்ததுபோல், கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவள் மகனை ஏறச் சொன்னாள்.