மனைவி பெயர் எழுதும் கட்டம்

சாக்ரமெண்டோ
3 பிப்ரவரி 2022

அர்சலா அம்மாவுக்கு,

உனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் என் சலாம். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன் வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சோதனைச் சாவடியில் முதலில் போனைத்தான் பிடுங்கிப் பார்க்கிறார்களாம், தம்பி ஸல்மய் சொன்னான். உலர்பழ வியாபாரி ஹாஜி பெஷாவருக்குப் போகும்போது உன் கடிதத்தைக் கொடு. அங்கே அவர் மகன் படம் பிடித்து எனக்கு அனுப்புவான். என் கடிதமும் அதே வழியாக வரும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எனக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. உங்களை வரவழைக்கும் விசா விஷயத்தை இப்போது டோரீன் பார்க்கிறார். நெப்ராஸ்காவில் லிங்கன் என்ற ஊர். இந்த நாட்டுப் படையோடு வேலை செய்துவிட்டு ஆபத்தில் மாட்டிக்கொண்ட நம்மைப் போன்றவர்களுக்குச் சும்மாவே உதவுகிறவர். டோரீனுக்கு இருக்கும் பொறுமை யாருக்கும் வராது. நேற்று இரண்டு மணி நேரம் டோரீன் என்னோடு போனில் இருந்து ஒரே படிவத்தை மூன்று தடவை சரிபார்த்தார். டோரீன் சிரித்தால் போனே அதிரும்.

நீ வெளியே அதிகம் போகாதே. யார் கேட்டாலும் உன் புகைப்படத்தைக் கொடுக்காதே. எந்தக் காகிதமானாலும் என் வழியாகத்தான் போகவேண்டும்.

இப்படிக்கு,
அர்சலாவின் அப்பா ஐமல்


காபூல், கர்த்தே நவ்
21 பிப்ரவரி 2022

அர்சலா அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். வ்ரீஷ்மீனாவுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது, பாட்டியாகிவிட்டேன் என்று எல்லோரிடமும் காட்டுகிறாள். அர்சலா உங்கள் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறான்.

உங்கள் கடிதத்தில் டோரீன் என்ற பெயர் நான்கு முறை வருகிறது. எண்ணிவிட்டுத்தான் அடுப்பில் போட்டேன். என் பெயர் ஒருமுறைகூட இல்லை. எட்டு வருடமாக என்னைக் கூப்பிட உங்களிடம் 'ஏய்', 'கேக்குதா', 'அர்சலா அம்மா' என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. முன்பின் பார்க்காத பெண்ணின் பெயர் மட்டும் வாயில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. அவளுக்கு என்ன வயது? அதை மட்டும் ஏன் எழுதவில்லை? சிரித்தால் போன் அதிருமாம். அதிரட்டும். எனக்கு இங்கே வயிறு எரிகிறது, அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். மூன்றாவது வீட்டு ஷின்கையின் கணவர், காபூல் விழுந்தபோது உங்களோடு அதே விமானத்தில் போனவர்தானே? அவளுக்குப் போன வாரம் "தயாராக இருங்கள்" என்று செய்தி வந்துவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "ஒனக்கு இன்னும் வரலையா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனாங்க! ஒருவேளை ஒன் வீட்டுக்காரர் ஒன்னைய மறந்துட்டாரோ என்னவோ, அங்க போனா எல்லாரும் அப்படித்தானாம்." சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு தட்டை உடைத்தேன்.

அவளுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? எனக்குப் புரியும்படி எழுதுங்கள்.

தோர்பேகை


சாக்ரமெண்டோ
9 ஏப்ரல் 2022

அர்சலா அம்மாவுக்கு,

டோரீனுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் செயற்கை. போதுமா?

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று டோரீன் என்னைத் திட்டினார், அதனால் எழுதுகிறேன்.

இங்கே வந்து இறங்கியதும் ஒரு முகாமில் பெரிய கூடத்தில் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். மேசையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க நம் லோகர் மாகாணத்துக்காரன் ஒருவன். எனக்குப் பின்னால் நூறு ஆண்கள், பாதிப் பேர் நம் பக்கத்து ஊர்கள். அவன் கத்திக் கேட்டான், "பெண்டாட்டி பேரு என்ன?"

"அர்சலா அம்மான்னு எழுதிக்கோ" என்றேன்.

"அது பேரில்லப்பா. பேரச் சொல்லு."

எனக்கு நாக்கு எழவில்லை. அத்தனை ஆண்கள் காதில் உன் பெயரைப் போடச் சொல்கிறானே என்று ரத்தம் கொதித்தது. பின்னால் எவனோ, "பெண்டாட்டி இருக்காளா இல்லையாடா? வாயத் தொறக்கமாட்டேங்குறான்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "கல்யாணம் ஆகலைன்னே எழுதிக்கோ, போ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு தனியாகப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை.

என் கோப்பில் நான் மணமாகாதவன். அதனால்தான் உனக்குச் செய்தி வரவில்லை. இப்போது திருத்தவேண்டுமானால் அன்று பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பொய் சொன்னவனைத் திருப்பி அனுப்பிவிட்டால்? டோரீன், அனுப்பமாட்டார்கள் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறு.

ஐமல்


காபூல்
2 மே 2022

அர்சலா அப்பாவுக்கு,

ஷின்கை போய்விட்டாள். காரில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் தோளுக்கு மேலே அவள் பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவர்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள், தெரியும். பார்த்தேன்.

அவள் கணவரும் அதே கூடத்தில் அதே வரிசையில்தானே நின்றார்? பெண்டாட்டி பெயரைச் சொன்னாரே, அவர் மூக்கு அறுந்து கீழே விழுந்துவிட்டதா? என் பெயரை நூறு பேர் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் ரோஷத்தைக் காப்பாற்ற எங்கள் மூன்று பேரையும் இல்லாதவர்களாக ஆக்கிவிட்டு, கொஞ்சம் பொறு என்கிறீர்கள். தைரியம்தான்.

டோரீனிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் லோகர் படைமுகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, பெண்களைச் சோதிக்க ஆள் இல்லை என்று என்னையும் வாசலில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். பதின்மூன்று மாதம் நின்றேன். உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணையும் தடவிப் பார்த்து அனுப்பினேன். ஒருத்திகூடக் குண்டைக் கட்டிவந்து வெடிக்காமல் எல்லோரும் வீடு போனதில் என் கைக்கும் பங்கு உண்டு. நீங்கள் செய்தது வேலை என்றால் நான் செய்ததும் வேலைதான். என் பெயரிலேயே விசா கேட்க முடியுமா?

தோர்பேகை


சாக்ரமெண்டோ
14 ஆகஸ்ட் 2022

அர்சலா அம்மாவுக்கு,

கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் நீ தனியாகக் கேட்கலாமாம். ஆனால் உன்னை நேரடியாக வேலை வாங்கிய அதிகாரி, 'இவளை எனக்குத் தெரியும்' என்று உன் பெயர் போட்டுக் கடிதம் தரவேண்டும். அதாவது சார்ஜென்ட் ராமிரெஸ்.

டோரீன் அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டார். ஒரே நாளில் பதில் போட்டுவிட்டான்! 'நன்றாக நினைவிருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறான். ஏன் நினைவிருக்கவேண்டும்? ஆயிரம் பேர் வந்துபோன வாசலில் உன்னை மட்டும் எப்படி நினைவிருக்கிறது? அந்தக் குளிர்காலத்தில் உனக்குக் கையுறை கொடுத்தவன்தானே? அன்றைக்கே நான் உன்னை வேலையிலிருந்து நிறுத்தியது சரி என்று இப்போது தெரிகிறதா?

படிவத்துக்குப் புகைப்படமும் கேட்கிறார்கள். முக்காடு நெற்றிக்கு மேலே தள்ளி, முகம் முழுக்கத் தெரியவேண்டுமாம். அதை எத்தனை ஆண்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. வேறு வழி பார்க்கலாம். அவசரப்படாதே.

ஐமல்


காபூல்
19 மார்ச் 2023

அர்சலா அப்பாவுக்கு,

கையுறை எல்லாப் பெண்களுக்கும்தான் கொடுத்தார். ஆறு ஜோடி. எனக்கு வந்தது இடது கைக்கே இரண்டு. அதைத்தான் அன்று அழுதுகொண்டே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை.

ஜனவரி கடைசியில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். "லோகர் கேட்டுல நின்ன பொம்பளை இங்கதான் இருக்காளா?" என்று ஸல்மயிடம் கேட்டார்கள். அவன், "இங்க அப்படி யாரும் இல்லைங்க, எங்க அண்ணி கிராமத்துப் பொண்ணு, வாசப்படி தாண்டினதில்ல" என்று சத்தியம் செய்தான். அவன் தாடையில் இரண்டு அடி விழுந்தது. நான் உள்ளே மாவுப் பானைக்குப் பின்னால் வ்ரீஷ்மீனாவின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் திக்கிப் பேசுகிறாள்.

அன்றே ஹாஜி மகன் வழியாக டோரீனுக்கு நானே எழுதினேன். பஷ்தோவில்தான். யாரையோ வைத்து மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார். அவர் பதிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ராமிரெஸின் கடிதம், நான் நிரப்பவேண்டிய படிவம், எல்லாவற்றையும் போன ஆகஸ்ட் மாதமே உங்களுக்கு அனுப்பிவிட்டாராம். ஐந்து முறை நினைவுபடுத்தினாராம். "மனைவி யோசிக்கிறாள்" என்றீர்களாம். நான் எதை யோசித்தேன்? எனக்குக் கொடுத்தால்தானே யோசிப்பேன்!

அந்த மூன்று பேர் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தால் ராமிரெஸும் உங்கள் நூறு ஆண்களும் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். உங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்குமா?

ஸல்மயைக் கூட்டிக்கொண்டு புகைப்படம் எடுத்துவிட்டேன். முக்காட்டைப் பின்னால் தள்ளினேன். படம் எடுத்தவர் கிழவர், என்னைவிட அவர்தான் வெட்கப்பட்டார். படிவம் போய்விட்டது. என் பெயரில் விண்ணப்ப எண்ணும் வந்துவிட்டது.

தோர்பேகை


சாக்ரமெண்டோ
11 நவம்பர் 2023

தோர்பேகைக்கு,

உன் பெயரை எழுதிவிட்டேன்.

தவறு என்னுடையதுதான். காகிதங்களை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். அனுப்பலாம் என்று எடுப்பேன், ராமிரெஸ் எழுதிய வரி கண்ணில் படும், திரும்ப வைத்துவிடுவேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இங்கே என் நிலைமை சரியில்லை. லோகரில் என்னை மொழிபெயர்ப்பாளராக வேலைக்கு வைத்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எனக்காகக் கடிதம் தர ஆள் இல்லை என்று என் விசாவை மறுத்துவிட்டார்கள். இருக்கிற தற்காலிக அனுமதியை ஒருமுறை நீட்டினார்கள், மறுபடி நீட்டுவார்களா என்று யாருக்கும் தெரியாது. உனக்குத் தூதரக ஒப்புதல் வந்துவிட்டதாக டோரீன் சொன்னார். கணவன் என்று உன் படிவத்தில் என் பெயரை நீ எழுதினால், மணமாகாதவன் என்ற என் கோப்பையும் திருத்தி எனக்கும் இங்கே இருக்க வழி பிறக்கும் என்கிறார். எழுதாவிட்டால் ஒருநாள் என்னைக் காபூலுக்கு அனுப்பலாம். கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே கிடங்கில் லூபே என்று ஒருத்தி, எனக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறாள். நல்ல அழகி. நான் வாங்குவதில்லை. உன்னிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று எழுதினேன்.

ஐமல்


டோஹா முகாம்
6 ஜூன் 2024

ஐமலுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். விசா கொடுக்கும் முன் எல்லோரையும் இந்த முகாமில் வைத்துத்தான் விசாரிக்கிறார்கள். விமான நிலையம் வரை ஸல்மய் கூடவே வந்தான், ஆண் துணை இல்லாவிட்டால் வழியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணி, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. அவனுக்கு என்ன வழி என்று டோரீனிடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

இன்று காலை என் நேர்காணல். இங்கும் கூடம்தான், இங்கும் வரிசைதான். எனக்குப் பின்னால் நம் பெண்கள் முப்பது பேர். "ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டாள் மொழிபெயர்க்கிற பெண். நாங்களும் புருஷன் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. பின்னால் ஒருத்தி, "ஐயோ, எல்லாருக்கும் முன்னாடியா கேப்பாங்க!" என்று முகத்தை மூடிக்கொண்டாள். நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போது புரிந்தது. புரிந்தது என்றுதான் சொல்கிறேன், மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஐமல் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். பிள்ளைகளின் அப்பாவை அந்த மூன்று பேர் கையில் கொடுக்க என்னால் ஆகாது. ஆகவே பயப்படவேண்டாம், உங்கள் பெயர் படிவத்தில் இருக்கிறது.

அடுத்து, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். உங்கள் பெயரைப் போட்டதும் சாக்ரமெண்டோ முகவரி அவளுக்குக் கிடைத்துவிட்டது, அதையே எழுதப்போனாள். நான் தடுத்து, லிங்கன் என்று சொன்னேன். டோரீன் எங்களுக்கு இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறார். வ்ரீஷ்மீனாவின் திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்க அங்கே பள்ளியிலேயே ஆள் உண்டாம்.

லூபே பற்றி எழுதியிருந்தீர்கள். நான் எரியவேண்டும் என்றுதான் எழுதினீர்கள், எனக்குத் தெரியாதா? அந்த வரியை இரண்டு முறை படித்தேன், ஒன்றும் எரியவில்லை. பாவம், தினமும் கொண்டுவருகிறாளே, வாங்கிச் சாப்பிட்டால்தான் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் இல்லாத ஒரு கிழவிக்காக நான் எத்தனை நாள் ரொட்டி இறங்காமல் கிடந்திருக்கிறேன்! அந்தத் தோர்பேகை உங்களோடு வந்து இருந்திருப்பாள்.

பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கிளம்பும் முன் ஒரு வரி எழுதுங்கள், அர்சலாவைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிவருகிறேன்.

தோர்பேகை