எடை வராத காலை

குமுளி
2.6.2024

அன்பு மகள் முத்துப்பேச்சிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

வயிற்றுக் குழாய் வழியாக நாலு வேளையும் டயாலிசிஸ் தண்ணீரை ஏற்றி இறக்குகிறேன். காலையில் எடை, பிரஷர், இறங்கிய தண்ணீரின் அளவு எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டியில் தட்டிவிடுகிறேன்; அது அவர்களுக்கும் உன் போனுக்கும் போய்விடுகிறது. முப்பத்தாறு வருசம் தேயிலை ஃபாக்டரியில் கிடந்தவனுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர் சாயாதான்! என்ன கொடுமை பார்.

முன்பெல்லாம் தினமும் கூப்பிட்டு, "கால் வீங்கிருக்காப்பா?" என்று கேட்பாய். பெட்டி வந்தது, உன் போனில் பச்சை டிக் விழுகிறது, என்னிடம் கேட்க ஒன்றுமில்லாமல் போச்சு. கோபப்படாதே தாயி. போன செவ்வாயும் வியாழனும் வேண்டுமென்றேதான் தட்டாமல் இருந்தேன். நீ பதறிக் கூப்பிட்டாய். இருபது நிமிஷம் பேசினோம். பக்கத்து வீட்டு இருதயம்மாள் அக்காவிடம் அன்றெல்லாம் ஒரே பெருமைதான்.

அப்பா,
நல்லமுத்து

கஞ்சிக்கோடு
6.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்ததும் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்த வியாழக்கிழமை முதலில் நீங்கள் போனை எடுக்கவில்லை. சூப்பர்வைசர் காலில் விழாத குறையாக லீவு கேட்டு, பாலக்காடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவந்துவிட்டேன். அப்புறம்தான் எடுத்தீர்கள், சிரித்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கவனிக்கிற ஜோபி சாரும் இரண்டு நாளும் என்னைக் கூப்பிட்டுவிட்டார். வெட்கக்கேடு! "எங்கப்பா இப்படித்தான் சார், பயப்படாதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். இனி டிக் வராவிட்டால் விளையாட்டு என்றே நினைப்பேன். கூப்பிடவே மாட்டேன். தண்ணீர் கலங்கி இறங்கினால் கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம், அப்போது மட்டும் உடனே அவருக்குச் சொல்லுங்கள்.

ஓணம் லீவுக்கு வருகிறேன். சாயா அரை டம்ளர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் பேச்சி

குமுளி
12.6.2024

அன்பு மகளுக்கு,

நீ பஸ் ஸ்டாண்டு வரை வந்தது எனக்குத் தெரியாதே. "புள்ளயப் பதற வச்சுட்டுச் சிரிப்பு வேறயா?" என்று இருதயம்மாள் அக்கா திட்டித் தீர்த்துவிட்டாள்.

போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். உன் அம்மா மேல் சத்தியம், இனி விளையாட மாட்டேன். டிக் வரவில்லை என்றால் அப்பாவுக்கு முடியவில்லை என்று அர்த்தம். அப்போது நீ கூப்பிட வேண்டும்.

அக்கா நாளைக்குக் கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள். ஞாயிறு வந்துவிடுவாள். இங்கே நல்ல மழை.

அப்பா

கஞ்சிக்கோடு
3.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினாறு முடிந்து நேற்று ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். கட்டிலில் உங்கள் கடிதம் கிடந்தது. பதினேழாம் தேதி வந்ததாம். அன்றைக்குத்தான் உங்களை அடக்கம் செய்தோம்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை டிக் வரவில்லை. சிரித்தேன் அப்பா. பக்கத்து மெஷின் பவ்யாவிடம், "எங்கப்பா திரும்ப ஆரம்பிச்சிட்டாரு" என்று போனைக் காட்டினேன். சனிக்கிழமையும் இல்லை. ஜோபி சார் கேட்டார். "ரெண்டு நாள் பாப்போம் சார்" என்று நான்தான் சொன்னேன். பாவி, நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இருதயம்மாள் அத்தை வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை என்றதும் ஆட்களைக் கூப்பிட்டு உடைத்திருக்கிறார். கட்டிலடியில் கலங்கிய தண்ணீர்ப் பை. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் குட்டிக்கானம் தாண்டும்போதே போய்விட்டீர்கள்.

போனைக் கையில் பிடித்தபடி இருந்தீர்கள் என்று அத்தை சொன்னார். எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. யாரையும் நீங்கள் கூப்பிட்டிருக்கவில்லை. ஏன் என்று இத்தனை நாளும் விளங்கவில்லை. நேற்று கடிதத்தைப் படித்ததும் விளங்கிவிட்டது.

கடிதம் எனக்குக் கிடைத்திருக்கும், மகள் கூப்பிடுவாள் என்றுதானே காத்துக் கிடந்தீர்கள்?

உங்கள் மகள்,
முத்துப்பேச்சி