ஒன்பதாம் பக்கம்

மொன்றியல்
14.10.2007

அன்புள்ள தியாகலிங்கம் அண்ணைக்கு,

தங்கச்சி ஜெகதீஸ்வரி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரன் இன்னும் ஹீட்டரைத் திருத்தவில்லை. தனுஷாவுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடிந்தது.

கிறகரியை நினைவிருக்கும். கீழ்வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர், கவிதை எழுதுகிறவர், ஜான்-டலோன் சந்தையில் தனுஷாவின் அப்பாவோடு பத்து வருடம் பெட்டி தூக்கியவர். இவர் இறந்தபோது, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் போடச் சொல்லி ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதித் தந்தார். லண்டனில் புத்தகம் அடித்த நீங்கள், சந்தையில் மூட்டை தூக்கினதை ஊருக்கெல்லாம் சொல்லவோ என்று கேட்டு அதை ஒதுக்கிவிட்டீர்கள். ஒரு புலவரைப் பிடித்து, பெரிய பரம்பரை, பெரிய உத்தியோகம் என்று பாட வைத்தீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

கிறகரி புத்தகம் கேட்டு வந்தார். தன் பாட்டு எங்கே என்றார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தமிழில் மாற்றிப் போட்டிருக்கிறோம் என்று, புலவரின் பாட்டு இருந்த ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். தமிழில் ஓரெழுத்தும் தெரியாத மனிதர் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோனார்.

போன வருடம் அவரும் போய்விட்டார். அவருடைய தங்கை அக்னெஸ், அவர் கவிதை எழுதும் கொப்பியில் கிடந்த அந்த எட்டு வரிக்கு ஒருவரைக் கொண்டு இசையமைத்திருக்கிறார். சென்ற ஞாயிறு தேவாலயத்தில் நாற்பது பேர் நின்று பாடினார்கள். விறைத்த கையோடு தக்காளிப் பெட்டி தூக்கிய இரவி, தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி எனக்குத் தந்தான் என்று தனுஷா என் காதுக்குள் மொழிபெயர்த்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, இவரை ஒரு நாளும் பார்க்காதவள், அழுதாள். நம்மவர்களில் யார் இவரின் கையை நினைத்து அழுதார்கள்?

நிகழ்ச்சித் தாளில் ஆங்கில வரிகளுக்கு அருகே நம் ஒன்பதாம் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். தனுஷா எழுத்துக் கூட்டி வாசித்தாள். அம்மா, இதில சந்தையும் இல்லை, கையுறையும் இல்லை, இது ஆர் என்று கேட்டாள். உன் அப்பா என்று சொல்லாமல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அக்னெசிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு உங்கள் மேல் கோபம்தான். என் மேல் அதைவிடக் கோபம்.

அண்ணை, எனக்கும் ஒரு நாள் புத்தகம் அடிப்பீர்கள். அதில் பரம்பரை வேண்டாம். பதினெட்டு வருடம் தையல் ஆலையில் பொத்தான் தைத்தவள் என்று ஒரு வரி போடுங்கள். தனுஷா வாசித்தால், இது அம்மாதான் என்று தெரியட்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம். கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

தங்கச்சி,
ஜெகதீஸ்வரி