கணுக்காலில் இரட்டைத் தையல்

நேற்று மகனோடு ஷூ வாங்கப் போன கடையில், பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. நம்முடைய ஷூ. அந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் பெயரில் வந்த வரிசையில் மூன்றாவது மாடல். இத்தனை வருஷம் கழித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். "கணுக்கால்கிட்ட இந்த ரெட்டைத் தையல் இருக்கு பாருங்க, இதான் மேடம் இதோட அடையாளம். டிசைனர் யோசிச்சு வெச்சது" என்றார் கடைக்காரர்.

அதை வைக்கச் சொன்னது நீ.

முதல் மாடல் கனமானது. கணுக்காலைச் சுற்றி அகலமான பட்டை இருந்தது. இரண்டாவதில் எடையைக் குறைக்கப் பட்டையை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதில் தோலையும் மெல்லியதாக்கி, பக்கவாட்டில் ஒற்றைத் தையலோடு வரைந்து அனுப்பினார்கள். அதைச் செய்யும் வேலை மாதவரத்தில் இருந்த நம் கம்பெனிக்கு வந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருக்கும். நான் தோல் வெட்டும் மேசையில். நீ முடிந்த ஷூவைச் சரிபார்க்கும் மேசையில்.

பள்ளி டீமில் கூடைப்பந்து ஆடியவள் நீ. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஆண்கள் அளவு ஷூ காலில் நிற்க இரண்டு சாக்ஸ் மாட்டி, ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஓடித் திரும்பினாய். தையல் பிரிந்தது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். நேராக மேனேஜரிடம் போனாய். "டிசைன் அவங்களோடது. வெளியாகுற தேதிய சொல்லியாச்சு, வியாழக்கிழமை கப்பல். வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

மறுநாள் வெளிநாட்டுக் கம்பெனி அமர்த்திய உள்ளூர் ஆய்வாளர் வந்தார். கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்தபோது நீ முன்னால் போய் நின்றாய்.

"சார், இது பிரிஞ்சிக்கும் சார். ஆடுறவன் காலு ஒடிஞ்சிடும்."

"பொய் சார். இவளே கிழிச்சிருப்பா" என்றார் மேனேஜர்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நீயும் பாத்தல்ல? சொல்லுடி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த தோல் துண்டைப் பார்த்தேன்.

நீ காத்திருக்கவில்லை. பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு ஜோடியை மாட்டினாய். குதித்தாய். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குதித்தாய். தையல் அசையவில்லை. மேனேஜர் சிரித்தார். பத்தாவது தடவை உனக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் தூரத்திலிருந்து ஓடிவந்து, ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினாய். டர்ரென்று தையலோடு தோல் பிளந்தது. கால் பிசகி விழுந்தாய்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். லாரியில் ஏற்றிய பெட்டிகள் இறங்கின, வெளியீடு தள்ளிப்போனது. நீ சொன்னபடியே உள்ளே ஒரு துண்டு வைத்து இரண்டு வரிசை தைத்தோம். மூன்றே மாதத்தில் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். உன் மேசையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்து தலை நிமிராமல் அதைச் சொன்னேன். லேசாக நொண்டிக்கொண்டே டீ கொண்டுவந்தாய்.

"பேஜாரு பண்ணிக்காத. உனுக்கும் வூடு கீது, புள்ள கீது. அந்த டேபிள்ல குந்திகினு கண்ண மட்டும் மூடிக்காத, அவ்ளோதான்."

மூடவில்லை. அங்கே இருந்த வருஷங்களில் மூன்று முறை சரக்கை நிறுத்தினேன்; மூன்று முறையும் குரல் நடுங்கியது. உன்னிடம் வந்து சொல்லும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பாய். நீ போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அன்று ஏன் பேசவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்லி, உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. கேட்கவில்லை.