வண்டிகள் ஊர் திரும்பிய ஆவணி

அக்கா,

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் அலுவலகத்தை ஒட்டிய காலிமனையில் நேற்றிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறார்கள். சன்னலைச் சாத்தியும் பயனில்லை. மேசை, கணினி, டீ டம்ளர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் கல்பொடி. டீசல் புகையோடு ஈரக் கல்லின் வாசமும் சேர்ந்து வந்ததில் வேலை ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். துளை போடும் ரிக் வண்டியின் நெற்றியில் திருச்செங்கோடு என்று எழுதியிருந்தது. உங்களுக்கு போன் செய்து இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய பிறகுதான், நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆண்களில் பாதிப்பேர் போர் போடும் வேலைக்காக ரிக் வண்டியேறி வடக்கே போய்விடும் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர் உங்களுடையது. தனியாக இருக்கும் பெண்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் என்று ஓர் அறக்கட்டளை நடத்திய திட்டத்தில் நீங்கள் களப்பணியாளர். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பீர்கள், உட்கார்ந்து பேசுவீர்கள். அதனால் பலன் உண்டா என்று அளந்து சொல்லச் சேலத்திலிருந்து வந்தவள் நான். உங்களுக்கு மார்க் போட வந்தவள் என்றும் சொல்லலாம். நாலைந்து வயது மூத்தவர் நீங்கள், ஆனாலும் கடைசிவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

திட்டம் தொடங்கும் முன், பங்குனியில் நான் முதல்முறை வந்தபோது ஒரு வீட்டிலும் நல்ல பதில் கிடைக்கவில்லை. தூக்கமில்லை, பசியில்லை, தலைவலி. கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் கதவைப் பிடித்தபடி நின்றே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆவணியில் மறுபடி வந்தேன். அதே பெண் பாய் விரித்து, பணியாரம் சுட்டுக் கொடுத்தார். தூக்கமா, நன்றாக வருகிறது. பசியா, நன்றாக எடுக்கிறது. ஊர் முழுக்க அதே கதை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு அறிக்கை எழுத வருடக்கணக்கில் காத்திருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். "மேடம், ஒண்ணு சொல்லோணுங்க. வடக்கால மழை புடிச்சிருச்சு, வண்டியெல்லாம் ஊருக்கு வந்துருச்சுங்க. ஊட்டுக்காரரு வந்ததுல தூங்கறாங்க, நான் போனதுல இல்லீங்க. காக்கா உக்காரப் பனம்பழம் உளுந்த கதைங்க இது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. வண்டிகள் எப்போது போகும், எப்போது வரும் என்று கேட்காமலே ஆய்வுக்கு நாள் குறித்தவள் நான்தானே. உங்கள் வேலை போய்விடும், தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றீர்கள். பஸ் வந்தது. ஏறும்போது, "தை முடிஞ்சு வாங்க. அப்ப ஊட்ல ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க" என்றீர்கள்.

மாசியில் வந்தேன். பங்குனியில் சொன்னதைத்தான் எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். பண்ணைக்குப் போகும் பெண் கூடுதலாக ஒன்றைச் சொன்னார். காய்ச்சலில் அவர் எழ முடியாமல் கிடந்தபோது நீங்கள்தான் வந்து பார்த்து, திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் கூடவே இருந்தீர்களாம். நீங்கள் வராமல் இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது என்றார். அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை. குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று எழுதி அனுப்பினேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் போனில் பேசுவீர்கள். கடிந்து ஒரு சொல் வந்ததில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சேலத்தில் மழை உண்டா என்றெல்லாம் கேட்பீர்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லாருக்கறனுங்க" என்பீர்கள். அந்தப் பதிலை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்ற செய்தி எனக்கு வந்து சேர ஒரு வாரம் ஆனது. துக்கம் கேட்க வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக ஒருவர், முட்டிவலி வந்துதானே அக்கா வேலையை விட்டார் என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறீர்கள். என் பெயர் எங்குமே அடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். முடியவில்லை, அக்கா. முட்டிவலி இல்லை, நான் எழுதிய அறிக்கையால்தான் திட்டத்தை நிறுத்தினார்கள் என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சத்தம் போடவில்லை. பண்ணைக்குப் போகும் பெண் மட்டும் என்னிடம் கேட்டார். "தூக்கம் வருதா, பசிக்குதான்னு என்னென்னமோ கேட்டீங்க. இந்த அக்கா வாரது நின்னு போச்சுன்னா எங்களுக்கு என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள், அதைக் கேட்கவில்லை.

இப்போது நான் தயாரிக்கும் படிவம் எதுவானாலும் கடைசியில் அந்தக் கேள்வி இருக்கிறது. இது நின்றுபோனால் உங்களுக்கு என்ன குறையும்? பதிலுக்குக் கட்டம் போடுவதில்லை, அரைப் பக்கம் வெறுமனே விடுகிறேன். மேலிடத்தில் ஏன் இத்தனை இடம் வீண் என்கிறார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய்விட்டதில் எனக்கு என்ன குறைந்தது என்று அதே கேள்வியை என்னைக் கேட்டால் ஒரு வரி போதும். தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும், என் கணக்கு தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்ல இனி எனக்கு ஆள் இல்லை.