திங்கட்கிழமைக்கு ஒரு ரயில்

இந்த ஊர்த் தண்ணீர் இனிக்கிறது. கல்லூரிக் காவலாளி பானையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் மொண்டு கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். பக்கத்தில் நீ நின்றுகொண்டு, "இன்னா, எப்படி கீது?" என்று கேட்பதுபோலவே இருந்தது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நீதானே. "தண்ணி நல்லா இருந்தா மத்ததெல்லாம் சமாளிச்சிக்கலாம். உப்புத் தண்ணி குடிச்சு வளந்த பொண்ணு, அவளாவது நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்பாய்.

திருச்சியில் இருக்கிறேன், யோவ். நம் அபியை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சின் மறுமுனையில் பெரம்பலூர்க்கார அம்மா ஒருத்தி, அவள் மகளும் உள்ளேதான். "உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பாடு. வர முடியல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

பாடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் எல்லா இடத்திலும் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும், அதனால் ஏரியில் மீன் ஓடும் நல்ல இடங்களை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோம், இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருடையது என்று முறை வரும், அதுதான் பாடு என்று சொன்னேன். "அப்போ ஞாயித்துக்கிழமை லீவெல்லாம் கிடையாதுங்களா?" என்றாள். எங்களுக்கு ஏது கிழமை, பாடு இருக்கிற நாள், பாடு இல்லாத நாள், அவ்வளவுதான் என்றேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சென்னைக்குப் போன கூத்து ஞாபகம் வந்துவிட்டது.

அதை மறந்திருக்க மாட்டாய். சென்னையில் ஒரு கல்லூரியைப் பார்த்து வரலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். பாடு இல்லாத நாளாக விரல் மடக்கி எண்ணி நாள் குறித்தது நீ. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த அபிக்கும் கிழமை மறந்துபோயிருந்தது. கல்லூரி முதல்வருக்கு என்று பெரிய கழி நண்டாகப் பொறுக்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாய். பொன்னேரியில் ரயில் ஏறினால் பெட்டி பாதி காலி. "பாத்தியா, எப்படி நாள் பாத்தேன்? கூட்டமே இல்ல" என்று பெருமை வேறு. மீஞ்சூர் வருவதற்குள் சாக்கு நகர ஆரம்பித்தது. எதிர் சீட்டு அம்மா காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாதும்மா, நல்ல நண்டு" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்தாய்.

போய் நின்றால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. "ஞாயித்துக்கிழமை எவன்யா காலேஜுக்கு வருவான்?" என்றான் காவலாளி. அபி தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நைனா, மானம் போச்சு நைனா!" நீ அசரவில்லை. சாக்கை அப்படியே காவலாளியிடம் நீட்டினாய். "வூட்டுக்கு எடுத்துனு போயி குழம்பு வை. உள்ள தண்ணி எப்படி கீதுனு மட்டும் சொல்லு."

அன்றைக்கு அவ்வளவு சிரித்தோம். அதற்காக இன்றைக்கு இந்த மரத்தடியில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் பெரிய பயணத்துக்குத் திட்டம் போட்டாய். வீட்டுத் தரையில் மட்டி ஓடுகளைப் பரப்பி, இது எழும்பூர், இது திருச்சி, இது மதுரை, இது தூத்துக்குடி என்று வரிசை வைத்தாய். ஓடுகளுக்கு நடுவில் விரலால் ரயில் விட்டாய். எழும்பூரில் ஏறினால் மற்ற மூன்று ஊரிலும் ஒவ்வொரு கல்லூரி, மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது. "பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரத்துக்கா அனுப்பப் போற?" என்று உன் தம்பி கேட்டபோது, நம்மூர் டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் கை காட்டினாய். "இவங்க ஊரு எங்க கீது? அங்கேந்து வந்து இங்க படுத்துனு கீறாங்க. எம்பொண்ணு திருச்சிக்குப் போயிட்டுத் திரும்பி வரப் போறா, இதுல இன்னா?" எனக்கு வந்ததே கோபம். நல்ல காரியம் பேசும்போது கல்லறையை எதற்கு இழுக்கிறாய், வாயைக் கழுவு என்று கத்தினேன். நீ சிரித்தாய்.

இந்த முறை நாள் குறித்தது அபி. திருச்சிக் கல்லூரியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். "நைனா, நீ எண்ணவே கூடாது. நான் சொல்றதுதான் நாளு. திங்கக்கிழமை." அந்தத் திங்கட்கிழமைதான் உனக்குப் பாடு. பாட்டை விட்டுவிட்டு எவன் ஊருக்குப் போவான்? அவளும் விடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். கடைசியில் நீ உன் பங்காளி ஏழுமலையிடம் போய்க் கேட்டாய். திங்கட்கிழமை உன் முறைக்கு அவன் போவது, அதற்கு முன்னால் வருகிற வியாழக்கிழமை அவன் முறைக்கு நீ போவது. நம்மூரில் யாரும் செய்துகொள்கிற மாற்றுதான். வாசலிலிருந்தே, "அபி, பொட்டியக் கட்டு!" என்று கூவிக்கொண்டு வந்தாய். அவள் ஓடிவந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஊர்த் தலைவர் கரையில் நின்று முறைக்காரர்களின் பேர்களைக் கூப்பிட்டார். ஏழுமலையின் பேரைக் கூப்பிட்டபோது நீ "வந்தேன்" என்றாய். அவன் இடம் முகத்துவாரத்தை ஒட்டி. மத்தியானம் மேற்கே கறுத்தது. காற்று ஒரே மூச்சில் எழுந்து தண்ணீரையெல்லாம் கடலுக்குத் தள்ளியது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். வலை இழுத்துக்கொண்டு போகிறதே என்று நீ மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். வலை பெரிசாய்யா உனக்கு? சொல். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், இன்றுவரை நீ பதில் சொல்லவில்லை.

படகு கிடைத்தது, வலையும் கிடைத்தது, நீ கிடைக்கவில்லை.

நாம் ரயிலில் போயிருக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை விடியலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து உன் பேரைக் கூப்பிடுவது கேட்டது. அடுத்த நொடி "வந்தேன்" என்று ஒரு குரல். நான் எழுந்து ஓடினேன். முடி அவிழ்ந்து கிடக்க, முந்தானை தரையில் புரள, அத்தனை ஆண்கள் நடுவில் போய் நின்றேன். அங்கே ஏழுமலை நின்றிருந்தான். கரைக் காற்றில் அவன் குரலும் உன் குரலும் ஒன்றாகத்தான் கேட்கும். "அண்ணன் முறைக்கு நான் போறதா பேச்சு, அண்ணி" என்றான். தலையைத் தூக்கவே இல்லை.

உடம்பு கிடைக்காதவன் பேரை முறையிலிருந்து ஊர் தானாக எடுக்காது. வீட்டுக்காரர்கள் வந்து சொன்னால்தான் எடுக்கும். உன் தம்பி காரியமெல்லாம் செய்து முடித்துவிட்டான், நான் தடுக்கவில்லை. ஆனால் கரைக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அதனால் உன் முறை வரும்போதெல்லாம் உன் பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு திங்கட்கிழமையோடு தீர்ந்த கணக்குக்கு ஏழுமலை ஒவ்வொரு முறையும் "வந்தேன்" என்றான். உனக்காகப் போய், கிடைத்ததை நம் வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு முறையும், அவன்தான் என்று தெரிந்தே, அந்தக் குரலுக்கு நான் பாதி எழுந்துவிடுவேன்.

அந்த மீனை அபி தொடமாட்டாள். வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிடுவாள். கல்லூரி என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஒரு வருஷம் அப்படியே போனது. என்னடி உனக்கு என்று ஒருநாள் பிடித்து உலுக்கியபோதுதான் சொன்னாள்: "நான் கேட்ட திங்கக்கிழமைதானம்மா நைனாவைக் கொன்னுச்சு."

"அடிப்பாவி, காத்தடிச்சதுக்கு நீ இன்னாடி பண்ணுவ?" என்றேன். அழுதேன், திட்டினேன், கெஞ்சினேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. உன்னைத் தண்ணீரில் பறிகொடுத்தேன், இவளை வீட்டுக்குள்ளேயே பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. உனக்காகக்கூட அப்படிப் பயந்ததில்லை, அவளுக்காக அப்படிப் பயந்தேன்.

போன மாதம் ஏழுமலை மீன் கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் அபிதான் நின்றாள். அவன் கூடையை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான்.

"அம்மாடி, ஒண்ணு சொல்லணும். மாத்திக்க முடியாதுனு நான் சொல்லியிருக்கணும். அது நான் போயிருக்க வேண்டிய பாடு. அண்ணன் எனக்குப் பதிலாப் போய்ட்டாரு. எனக்குத் தூக்கமே இல்லம்மா."

அவ்வளவு பெரிய ஆள், குழந்தை மாதிரித் தேம்பினான். அபி அவன் கையைப் பிடித்தாள். "இன்னா சித்தப்பா நீ? நைனா கேட்டாரு, நீ சரின்ன. காத்தடிச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் கரண்டியும் கையுமாக அடுப்படியிலேயே நின்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள், மீனைக் கழுவி நறுக்கினாள். அழுகை ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு, "அம்மா, அந்தத் திருச்சி காலேஜுக்கு ஒரு திங்கக்கிழமை போலாமா?" என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். "சித்தப்பாவை விட்டுடும்மா. பாவம், எத்தினி நாளைக்கு நைனாவா இருப்பாரு? பேர எடுக்கச் சொல்லிடு." நியாயம்தானே? சரி என்று தலைவரிடம் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கல்லறையைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தத் தேசத்துக்காரனோ, அவனுக்குக்கூடத் தலைமாட்டில் கல் இருக்கிறது, கல்லில் பேர் இருக்கிறது. உன் பேர் எங்கே இருக்கிறது? தலைவரின் வாயில்தான் இருக்கிறது.

"ஏழுமலை இனிமே பதில் சொல்ல வேணாம். அவன் பட்டது போதும்" என்றேன்.

"அப்ப பேர எடுத்துடட்டுமாம்மா?"

"வேணாம். நீங்க கூப்பிடுங்க."

"யாரும் குரல் குடுக்கலன்னா பாடு அடுத்தவனுக்குப் போயிடுமேம்மா. மீனும் வராது."

"போவட்டும்."

அவர் சரி என்று தலையாட்டினார். இதை அபியிடம் சொல்லவில்லை. சொன்னால், இந்த அம்மாவைத் தனியாக விட்டுப் போவதா என்று பெட்டியைப் பிரித்துவிடுவாள். அவளுக்கு உன்னைப் போலவே இளகிய மனசு, என்னைப் போல வாய்.

இதோ படியிறங்கி வருகிறாள். கையில் ஏதோ காகிதம். பெஞ்சுக்கு வரும்வரை பொறுக்காமல் பாதி வழியிலேயே கத்துகிறாள்: "அம்மா! எடுத்துக்கினாங்க!" பெரம்பலூர் அம்மா என் கையைப் பிடித்து அழுத்துகிறாள். மதுரையும் தூத்துக்குடியும் பார்க்க வேண்டியதே இல்லையாம், இதுவே போதுமாம். ஹாஸ்டலில் சேர்த்துவிட்டால் பொங்கலுக்குத்தான் வருவாளாம். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் போகிறேன், கொஞ்சம் இரு.

கட்டிக்கொண்டேன். அழவில்லை. நீ இருந்திருந்தால் இந்தக் கல்லூரியையே நண்டால் நிறைத்திருப்பாய்.

இனி நான் தனியாகத்தான் ஊர் திரும்புவேன். உன் முறை வரும். விடியலில் உன் பேரைக் கூப்பிடுவார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்தவன் பேரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தலைவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும், யோவ்.